எண்ணெய்க் கடன்

முதலில் கிடைத்தது அவன் சாவு.
மடைப்பள்ளிச் சுவரில், கரி படிந்த வரிசைக்குக் கீழே
ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் தட்டத் தட்ட
எழுத்து ஒவ்வொன்றாய்க் குழிந்தது.
‘…ராயன் பட்டமைக்கு விளக்கு ஒன்று,
சாவா மூவா ஆடு தொண்ணூற்றாறு.’
பேரின் முன்பாதியில் உளித்தடம்,
கோழி கிளறிப்போட்ட மண்ணைப்போல.

நகரி மூக்குக்குக் கிழக்கே
குசஸ்தலை வறண்டு கிடக்கிற ஊர்.
நடத்துனர் தெலுங்கில் சில்லறை கேட்டுத்
தமிழில் திட்டுவார்.
எண்பது ஆண்டுக்குமுன் திருப்பணி செய்தவர்கள்
கல்லைப் பிரிக்கும்போது எண் போடவில்லை.
திரும்ப அடுக்கும்போது அகலம் பார்த்தார்கள்,
வாசகம் பார்க்கவில்லை.
அதனால் அவன் செத்த மறுவரியில்
அவனுக்கு ஒன்பது வயது.

‘பிள்ளை பிராயமாகாமையால்’
சிற்றப்பன் பெத்தமநாயன் நிலத்தைப் பார்த்துக்கொண்டான்.
பன்னிரண்டு ஆண்டு பார்த்துக்கொண்டான்.
பிள்ளைக்கு மீசை வந்தபோது
ஏரிக்கீழ் நன்செயில் பாதி
சிற்றப்பன் மகன் பேரில் விளைந்தது.

கோமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் தலைகீழ்.
கழுத்து வலிக்கப் படித்தால் அது கல்யாணம்.
பெண் அக்கசானி.
கூட வந்தவை கறவை நாற்பது,
ஒரு கணவாயின் சுங்கத்தில் மூன்றில் ஒன்று.
உப்புப் பொதிக்கு அரைப்பணம்,
வெற்றிலைக் கட்டுக்குக் கால்.
பிணத்துக்கும் பித்தருக்கும் சுங்கம் இல்லை.

ஒட்டியன் படை இறங்கிய வருஷம்
கணவாயைத் திறந்துவிட்டான்.
குதிரைக்குக் கொள்ளும் கொடுத்திருப்பான்.
ஒட்டியன் நலத்துக்கென்று ஒரு பூசை வைத்தான்.
மூன்றாம் ஆண்டு ராயர் நலத்துக்கு அதே பூசை,
அரிசி மட்டும் அரை நாழி கூட.
இரண்டையும் ஒரே கல்தச்சன் வெட்டியிருக்கிறான்,
அதே சாய்ந்த ழகரம்.

உயரமா, குள்ளமா,
குடிப்பானா, அக்கசானியை அடிப்பானா,
கல் சொல்லாது.
ஒரு மகளுக்கு வைசூரி இறங்கியதும்
வெண்கல மணி ஒன்று தந்திருக்கிறான்.
அவள் பேர் முழுசாய் இருக்கிறது, திருமலைச்சானி.
தகப்பன் பேர் செதுக்கிய பள்ளத்தில்
ஒரு குளவிக்கூடு.

செத்த பிறகுதான் துரோகி ஆனான்.
சந்திரகிரியில் பட்டத்துக்கு இருவர் மோத
அவன் நின்ற பக்கம் தோற்றது.
நிலம் சிற்றப்பன் மகனுக்குப் போயிற்று.
பேரை எடுக்க உளியோடு ஆள் வந்தான்.
பதினேழு இடம். எண்ணிப் பார்த்தேன்.
ஒரு நாள் வேலை இல்லை,
கூலியும் கொடுத்துத்தான் இருக்கவேண்டும்.

பதினெட்டாவது, தண்ணீர்த் தூம்புக்குப் பின்னால்,
பாசி வழித்து எடுத்தேன்.
‘அவுபளராயன் எண்ணெய் கொண்டவகையில்
வாணிச்சி உலகிக்குத் தரக்கடவ பணம் முப்பத்திரண்டே கால்.
இவன் வழியார் இறுப்பார்.’
அவுபளராயன்.
ஓர் எழுத்தும் குறையவில்லை.

அவள் அங்கே நின்றிருப்பாள்.
கையில் அளவு நாழி, இடுப்பில் பிள்ளையோ என்னவோ.
பேரை எடுத்துவிட்டால்
பிறகு நான் யாரைப் போய்க் கேட்பது, என்று.
அரசாணைக்கு எதிராய் அதைவிட நியாயமாய்
எவரும் பேசியிருக்கமுடியாது.
உளிக்காரனும் கடன் கொடுத்தவனாய் இருந்திருப்பான்.

தொண்ணூற்றாறு ஆடும் செத்து மூத்துப் போயின.
விளக்கு எந்த மழையில் அணைந்ததோ.
‘சந்திராதித்தவரை’ என்று முடிவது
அந்த விளக்கின் கல் அல்ல,
வட்டிக்கணக்கு.

மை ஒற்றி முடித்தேன்.
தாள் காய ஒரு மணி நேரம் ஆகும்.
உள்ளே குருக்கள் அகலைச் சாய்த்துப் பார்த்தார்.
காலி பாட்டிலைப் பையனிடம் கொடுத்து
எல்லை தாண்டிக் கடைக்கு அனுப்பினார்,
அரை லிட்டர்,
நம்ம பேரில் எழுதிக்கச் சொல்லு என்று.